வெடிப்புக்குத் திகதி இடுங்கள்

சேதமடைந்த வீட்டையும் பாலத்தையும் நாமே கண்காணிக்கும் முறை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாம் கட்டாத கட்டடங்களை நம்பி வாழவேண்டி ஏற்படுகின்றது. பாடசாலை மண்டபம், நெற்களஞ்சியம், உறவினரின் பழைய வீடு எனப் பல கூரைகளின் கீழ் நாட்கள் கழிகின்றன. பல ஆண்டுகளின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும்போதும் இதே நிலைதான். சுவர் நிற்கின்றது; கூரையில் பாதி இருக்கின்றது; மூலையில் ஒரு வெடிப்பு ஓடுகின்றது. இதற்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா என்பதே அன்று மாலை எழும் கேள்வி.

பொறியியலாளர் வந்து பார்ப்பது நல்லது. ஆனால் அவர் ஒருநாள் வந்து பார்ப்பதைவிட, அக்கட்டடத்தோடு நாள்தோறும் வாழ்பவர் ஒழுங்காகக் குறித்து வைப்பது சில விடயங்களைத் தெளிவாகக் காட்டும். ஒரு வெடிப்பு பழையதா, இன்னும் வளர்கின்றதா என்பதை அறிய ஒரு பென்சில், ஓர் அடிமட்டம், நான்கு ஆணி, ஒரு நூல், ஒரு கொப்பி போதும். அந்த முறையையே இப்பாடத்தில் கற்போம்.

கட்டடம் முன்கூட்டியே சொன்னது

2013 ஏப்ரல் 23 ஆம் திகதி, பங்களாதேசின் தலைநகரான டாக்காவுக்கு அருகே சாவார் என்னும் இடத்தில், ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் பெரிய வெடிப்புகள் தோன்றின. பார்வையிட்ட பொறியியலாளர் ஒருவர் கட்டடம் ஆபத்தானது என்று கூறினார். எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வரவேண்டாம் என்றது, கடைகளும் மூடியிருந்தன. ஆனால் மேல்மாடிகளில் இருந்த தையல் தொழிற்சாலைகள் தொழிலாளரை வேலைக்கு அழைத்தன. வராவிட்டால் சம்பளம் வெட்டப்படும் என்ற பயத்தில் அவர்களும் ஏறிச் சென்றார்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் மின்சாரம் தடைப்பட்டது. மேல்மாடிகளில் இருந்த மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கின. சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

அனுமதியின்றி மேலதிக மாடிகள் கட்டப்பட்டதும், கனமான இயந்திரங்கள் மேலே ஏற்றப்பட்டதும், தரமற்ற கட்டுமானமும் இதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. எனினும் கட்டடம் ஒருநாள் முன்னதாகவே எச்சரித்தது என்பதை நாம் மறக்கலாகாது. எச்சரிக்கையைக் கேட்ட வங்கி ஊழியர் தப்பினர். கேட்க முடியாத நிலையில் இருந்தவர் மாண்டனர். கண்காணிப்பு என்பது பார்ப்பதோடு முடிவதன்று. பார்த்ததன்படி நடப்பதும் அதற்குள் அடங்கும்.

ஒருமுறை பார்த்தால் போதாது

வெடிப்பு இருக்கின்றது என்பதால் மட்டும் வீடு விழுந்துவிடாது. நூறு ஆண்டு நின்ற கல்வீடுகளிலும் வெடிப்புகள் உண்டு. வெடிப்பு அசைகின்றதா, அசைந்தால் எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக என்பவற்றையே அறியவேண்டும். அதை ஒரு பார்வையில் சொல்ல எவராலும் முடியாது. இன்று ஓர் அளவு, ஒரு மாதம் கழித்து இன்னோர் அளவு என இரண்டும் கையில் இருந்தால்தான் ஒப்பிடலாம்.

இத்தாலி நாட்டின் பைசா நகரச் சாய்ந்த கோபுரத்தைப் பலர் படத்தில் கண்டிருப்பீர்கள். அதன் சாய்வு 1911 ஆம் ஆண்டிலிருந்து ஒழுங்காக அளக்கப்பட்டு வந்தது. சாய்வு நிற்காமல் கூடிவருகின்றது என்பதை அந்த அளவுகளே காட்டின. 1990 இல் கோபுரம் மூடப்பட்டது. உயர்ந்திருந்த பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்து, சாய்வை ஓரளவு குறைத்து, 2001 இல் மீண்டும் திறந்தார்கள். ஆண்டுக்கு ஒருசில மில்லிமீற்றர் அசைவைக் கண்ணால் காண இயலாது, கொப்பி காட்டியது. இன்று பெரிய பாலங்களில் நூற்றுக்கணக்கான உணரிகளைப் பொருத்திக் கணினி மூலம் கண்காணிக்கின்றார்கள். கருவி வேறானாலும் செய்வது ஒன்றுதான்: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிடுவது.

எமது கமக்காரருக்கு இது புதிதல்ல. முருங்கன் பகுதியின் கருங்களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும், மாரியில் நீர் குடித்து ஊதி மூடுவதும் எல்லோரும் அறிந்தது. அத்தகைய மண்ணில் நிற்கும் வீடும் மண்ணோடு சேர்ந்து அசையும். கோடையில் விரியும் வெடிப்பு மாரியில் ஒடுங்கும். ஆகவே இரண்டு மாத அளவை வைத்து முடிவு செய்யலாகாது. ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் சேர்ந்த முழு ஆண்டு பார்க்கவேண்டும்.

உள்ளே போவதற்கு முன்

நெடுங்காலம் கைவிடப்பட்ட வீட்டுக்குள் நேரே நுழையாதீர்கள். போர் நடந்த பகுதியாயின், அந்த வளவு வெடிபொருள் அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் முதலில் கேட்டறியுங்கள். இனந்தெரியாத பொருளைத் தொடவோ, எரிக்கவோ வேண்டாம்.

பின்னர் வெளியே நின்று வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். முகடு நேராக இருக்கின்றதா, நடுவில் தொய்ந்துள்ளதா? சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியுள்ளதா? மூலையில் இரண்டு சுவர்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துள்ளனவா? வெள்ளம் அத்திவாரத்தின் அடியில் மண்ணை அரித்துள்ளதா? சுவரோரம் ஆலோ அரசோ முளைத்து வேர் விட்டுள்ளதா? இவற்றுள் ஒன்று கடுமையாக இருந்தாலும், அனுபவமுள்ள மேசன் ஒருவர் பார்க்கும் வரை உள்ளே போகவேண்டாம்.

வெடிப்பின் வடிவம் சொல்லுவது

1. பூச்சில் சிலந்திவலை போன்ற மயிரிழை வெடிப்பு: பூச்சு உலரும்போது சுருங்குவதால் வருவது. பெரும்பாலும் ஆபத்தற்றது.

2. யன்னல், கதவு மூலையிலிருந்து சரிவாக, கல்லின் இணைப்பு வழியே படிபடியாக ஏறும் வெடிப்பு: அத்திவாரத்தின் ஒரு பகுதி தாழ்வதைக் காட்டும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் வீட்டின் ஓரம் தாழ்ந்திருக்கலாம். கீழே அகலமாயின் நடுப்பகுதி தாழ்ந்திருக்கலாம்.

3. சுவரின் குறுக்கே கிடையாக ஓடும் வெடிப்பு, கூடவே சுவர் வெளியே தள்ளியிருத்தல்: கூரையோ பின்னாலுள்ள மண்ணோ சுவரைத் தள்ளுகின்றது. இது பாரதூரமானது.

4. சுவரில் குறுக்குமறுக்காக ஓடும் வெடிப்பு: எறிகணை அதிர்ச்சி போன்ற பெரும் ஆட்டத்தினால் வருவது. சுவர் நின்றாலும் அதன் பலம் குறைந்திருக்கும்.

5. கொங்கிறீற்றுத் தூணில் நெடுக்காகப் பிளந்த வெடிப்பு, துண்டு துண்டாகத் தெறித்தல், பீம் தூணைச் சேருமிடத்தில் சரிவான வெடிப்பு: இவையே யாவற்றிலும் ஆபத்தானவை. ஒரு சுவர் விழுந்தால் ஓர் அறை போகும். தூண் விழுந்தால் அது தாங்கும் எல்லாமே போகும். இவற்றைக் கண்டால் அளந்து கொண்டிருக்காமல் வெளியேறுங்கள்.

அகலத்தைப் பொறுத்தும் ஓரளவு மதிப்பிடலாம். செங்கல், சீமெந்துக் கல் சுவர்களில் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை பூச்சு வேலையோடு சரியாகும். 5 மில்லிமீற்றர் வரை சிறு சேதம். 5 முதல் 15 வரையானால் கதவு யன்னல் இறுகும். மேசன் கழற்றித் திருத்த வேண்டும். 15 முதல் 25 வரையானால் சுவரின் பகுதிகளை உடைத்துக் கட்டவேண்டியிருக்கும். 25 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஓர் அங்குல அளவானால், சுவர் விழக்கூடிய நிலை. வங்கி அட்டை ஒன்றின் கனம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர். அட்டை புகாத வெடிப்பு முதல் வகையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

அளக்கும் முறை

முதற் படி: வெடிப்பு முடியும் இரு நுனிகளிலும் குறுக்கே சிறு கோடு கீறி, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். அடுத்த முறை வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது நீண்டு வருகின்றது. இதைப் பாடசாலைப் பிள்ளையும் செய்யலாம்.

இரண்டாம் படி: வெடிப்பின் அகலமான இடத்தில், இரு பக்கமும் ஒவ்வோர் ஆணியை உறுதியாகப் பதியுங்கள். இரண்டுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் இருக்கட்டும். ஆணித் தலைகளின் நடுவில் புள்ளி குத்தி, புள்ளியிலிருந்து புள்ளிக்கு அளவுங்கள். அடித்தால் சுவர் உதிரும் என்றால் ஆணிக்குப் பதிலாகப் பென்சிலால் இரு புள்ளிகள் இடலாம்.

மூன்றாம் படி: மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு அந்தங்களையும் சீமெந்துச் சாந்தால் ஒட்டுங்கள். பூச்சைச் சுரண்டிக் கல்லின் மேல் ஒட்டவேண்டும். சுவர் சிறிது அசைந்தாலும் கண்ணாடி உடையும். எவ்வளவு அசைந்தது என்பதை அது சொல்லாது. அசைந்தது என்பதை மட்டும் சொல்லும். பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் ஒட்டுங்கள்.

நான்காம் படி: சுவரின் மேல் ஓரத்தில் ஆணி ஒன்றில் நூலைக் கட்டி, மறுநுனியில் தூக்குக்குண்டையோ கல்லையோ தொங்கவிடுங்கள். காற்று இல்லாத வேளையில், நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மேலும் நடுவும் கீழும் அளவுங்கள். இந்த அளவு மாதா மாதம் மாறினால் சுவர் சாய்கின்றது அல்லது வயிறு தள்ளுகின்றது.

வெயில் சுவரை விரிக்கும் என்பதால் எப்போதும் காலை ஒரே நேரத்தில் அளவுங்கள். முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை, பின்னர் மாதம் ஒருமுறை போதும். பெருமழை, வெள்ளம், கடும் காற்று வந்த மறுநாள் கட்டாயம் பாருங்கள். அளவைக் கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் அடிமட்டத்தை வெடிப்பின் மேல் வைத்துப் படமும் எடுங்கள்.

இரண்டு வீடுகளின் கொப்பிகளை உதாரணமாகப் பார்ப்போம். ஆணிகளின் இடைத்தூரம் மில்லிமீற்றரில் தரப்பட்டுள்ளது.

முதலாவது வீடு: யூன் 100, ஓகஸ்ற் 103, நவம்பர் 101, ஜனவரி 100, அடுத்த ஓகஸ்ற் 103.
இரண்டாவது வீடு: யூன் 100, ஓகஸ்ற் 102, நவம்பர் 104, ஜனவரி 106.

முதலாவது வீடு மண்ணோடு சேர்ந்து மூச்சு விடுகின்றது. கோடையில் விரிந்து மாரியில் மூடுகின்றது. கூரைநீரை அத்திவாரத்திலிருந்து தூர விலக்கி, சுவரோரப் பெருமரங்களைக் கவனித்தால் வாழலாம். இரண்டாவது வீட்டில் வெடிப்பு மாரியிலும் மூடவில்லை. ஒரே திசையில் போகின்றது. அத்திவாரம் தாழ்ந்துகொண்டே இருக்கின்றது. அந்தப் பகுதியில் படுப்பதை உடனே நிறுத்திவிட்டு ஆலோசனை பெறவேண்டும். ஓகஸ்ற் மாதத்தில் மட்டும் பார்த்திருந்தால் முதலாவது வீடே மோசமானது என்று தோன்றியிருக்கும்.

"வெடிப்புத்தானே, சீமெந்து பூசினால் போச்சு" என்று சொல்வோர் உண்டு. அளந்து முடியுமுன் பூசாதீர்கள். பூச்சு வெடிப்பை மறைக்கும், அசைவை நிறுத்தாது.

கம்பியும் மரமும் நெருப்பும்

கொங்கிறீற்றினுள் உள்ள கம்பி கறள் பிடிக்கும்போது ஊதி முன்னையதைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால் கம்பியின் நீளத்துக்கு நேராக வெடிப்பு வரும். மண்ணிறக் கறை வடியும். பின்னர் அடிப்பகுதி தட்டுத் தட்டாக உதிரும். கடலோரங்களிலும், உப்புக் கழுவாத கடல்மணல் கலந்த கட்டடங்களிலும் இது விரைவில் நேரும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. தலைக்கு நேர் மேலே தட்டவேண்டாம்.

மரத்தில் கறையான் வெளியே தெரியாமல் உள்ளே தின்னும். கைமரமும் தீராந்தியும் சுவரில் இருக்கும் இடத்தில், மழை ஒழுகும் இடத்தில், திருகாணிக் கருவியின் கூர்நுனியால் குத்திப் பாருங்கள். எளிதாகப் புகுந்தால் மாற்றவேண்டும்.

நெருப்பில் எரிந்த வீடு நின்றாலும் ஏமாறாதீர்கள். கடும் வெப்பத்தில் கொங்கிறீற்றுப் பலம் இழக்கும். சில வகைக் கல் கலந்த கொங்கிறீற்று இளஞ்சிவப்பு நிறமாகும். அந்நிறமோ, மேல்தோல் தெறித்த அடையாளமோ கண்டால் அதன்மேல் புதுக்கூரை ஏற்றுமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள்.

பாலமும் அணைக்கட்டும்

பாலத்தின் மேற்பகுதியைப் பார்ப்போர் பலர். அடியைப் பார்ப்போர் சிலர். ஆற்றுப் பாலங்கள் பல விழுவது தூணின் அடியில் மண் அரிக்கப்படுவதால்தான். போர்த்துக்கல் நாட்டில் டோரோ ஆற்றின் மேல் இருந்த ஒரு பழைய பாலம் 2001 மார்ச் 4 ஆம் திகதி இரவு இடிந்தது. பஸ் ஒன்றும் கார்களும் ஆற்றில் விழுந்து 59 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக ஆற்றிலிருந்து மணல் அள்ளப்பட்டதும், அந்த மாரியில் வந்த வெள்ளமும் தூணின் அடியை வெறுமையாக்கிவிட்டன. எமது ஆறுகளில் பாலத்தருகே மணல் அள்ளுவோரைக் கண்டால், அது மணலோடு முடியும் விடயமன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பாலத்தின் கைபிடியில் தூணுக்கு நேரே அடையாளம் இட்டு, அங்கிருந்து பாரம் கட்டிய கயிற்றை விட்டு ஆற்றின் அடிவரை அளந்து வையுங்கள். மாரிக்கு முன் ஒருமுறை, வெள்ளம் வடிந்தபின் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். வெள்ளம் தோண்டிய குழியை வடியும்போது மணல் மீண்டும் நிரப்பிவிடக்கூடும். ஆகவே அளவு மாறாவிட்டாலும், பாலத்தின் தளம் தாழ்ந்துள்ளதா, கைபிடி வளைந்துள்ளதா, வீதியும் பாலமும் சேருமிடம் குழிந்துள்ளதா என்றும் பாருங்கள். வெள்ளம் ஓடும் வேளையில் அளக்கப் போகாதீர்கள்.

குளக்கட்டும் இவ்வாறே. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைத்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டின் வெளிப்பக்க அடியில் நீர் கசிந்தால், அதை ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீர் சிறிதளவாகக் கசிந்தால் குறித்து வைத்துத் தொடர்ந்து கவனியுங்கள். கசிவு கூடினாலோ நீர் கலங்கினாலோ, கட்டின் உள்ளே மண் கரைந்து வருகின்றது என்று பொருள். அன்றைக்கே அறிவித்து, கீழேயுள்ள குடும்பங்களை எச்சரிக்கவேண்டும்.

யாரிடம் சொல்வது

வீடு, பொதுக்கட்டடம் பற்றிக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். ஏ, பி தர வீதிகளின் பாலங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகளின் பாலங்கள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், கிராம வீதி மதகுகள் பிரதேச சபைக்கும் உரியவை. பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும், சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் பார்க்கின்றன. உடனடி ஆபத்தாயின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வாயால் "வெடிச்சுப் போச்சு" என்று சொல்வதற்கும், திகதியும் அளவும் படமும் கொண்ட கொப்பியின் பிரதியைக் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதைத் தட்டிக்கழிப்பது கடினம். வீட்டுத்திட்டத்துக்கோ நட்டஈட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதும் அதே கொப்பி சாட்சியாகும். மூலக் கொப்பியை மட்டும் எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நாம் இப்போது தங்கியுள்ள கட்டடத்தில் எத்தனை தூண்கள் உண்டு? அவற்றை நெருங்கிப் பார்த்தவர் யார்?

2. எமது கிராமத்தில் எல்லோரும் கடக்கும் பாலம் அல்லது மதகு எது? அதன் அடியைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?

3. மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, இளைஞர் கழகம் ஆகியவற்றுள் கண்காணிப்புக் கொப்பியை யார் பொறுப்பேற்பது? அவர் ஊரில் இல்லாத மாதம் யார் அளப்பது?

4. ஆபத்து என்று தெரிந்தபின் வெளியேற முடியாமல் ஒரு குடும்பத்தைத் தடுப்பது எது? அந்தக் குடும்பத்துக்கு முதல் மூன்று இரவுகள் இடம் கொடுக்க எம்மில் யார் முன்வருவது?

நான்காவது கேள்விக்கு விடை காணாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். சாவாரின் தொழிலாளர் வெடிப்பைக் காணாமல் உள்ளே போகவில்லை. வேறு வழி இல்லாததால் போனார்கள்.